பின் சீட்டுக்கு ஏசி வரலையா? ஏசி கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

திண்டிவனம்கூடத் தாண்டியிருக்க மாட்டோம், பின்னாலிருந்து குரல் வந்துவிடும். "ஏசி போட்டிருக்கியா இல்லையாப்பா?" முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கை விறைக்கிறது, கடைசி வரிசையில் அத்தை பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறார். ஏழு சீட்டர் வண்டி வைத்திருக்கிற பாதிப் பேர் வீட்டில் இது நடந்திருக்கும். அடுத்த வாரம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும்: "கேஸ் கம்மியா இருக்கும் சார், போட்டுரலாம்."

நானும் போட்டேன், தொடர்ந்து மூன்று கோடை. மூன்றாவது தடவைதான் உறைத்தது, ஏசி கேஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் சீல் வழியாகவும் வருடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், அது சகஜம். ஒரே வருடத்தில் கூலிங் போகிற அளவுக்குக் குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை விட்டுவிட்டுக் கேஸை மட்டும் போடுவது, பஞ்சரான டயருக்குத் தினமும் காத்து அடிப்பது மாதிரி.

சரி, முதலில் உங்கள் வண்டியில் பின் ஏசி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்று விதம் உண்டு. சில வண்டிகளில் முன்பக்கக் குளிர்ந்த காற்றே நடு கன்சோல் வழியாகக் குழாய் போட்டுப் பின்னால் வருகிறது. தனியாக எதுவும் கிடையாது. சிலவற்றில் கூரையில் ஒரு ஃபேன் மட்டும் இருக்கும், வண்டிக்குள் இருக்கிற காற்றை இழுத்துத் தள்ளும், அவ்வளவுதான். பெரிய வண்டிகளில் பின்னால் தனிக் கூலிங் காயில், அதற்குள் கேஸை அளந்து விடும் தனி எக்ஸ்பான்ஷன் வால்வு, காற்றைத் தள்ளும் தனி ப்ளோயர் என்று ஒரு முழு செட்டே கூரையிலோ பக்கச் சுவரிலோ உட்கார்ந்திருக்கும். முன்னால் இருக்கும் அதே கம்ப்ரஸரிலிருந்து இரண்டு அலுமினியக் குழாய்கள், பெரும்பாலும் வண்டியின் அடிவயிறு வழியாக, அதுவரை ஓடும். கீழே சொல்வதில் பாதி இந்த மூன்றாவது வகைக்குத்தான். மற்ற இரண்டிலும் பின்னால் ஏசி குறைந்தால் பெரும்பாலும் முன்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு வெட்கக்கேடான விஷயம். டேஷ்போர்டில் பின் ஏசிக்குத் தனி சுவிட்ச் இருக்கும், பின்னால் ப்ளோயர் திருகியும் தனியாக இருக்கும். இரண்டில் ஒன்றைக் குழந்தைகள் அணைத்துவிட்டு இறங்கியிருப்பார்கள். காற்றை உள்ளே இழுக்கும் பின்பக்க ரிட்டர்ன் கிரில்லை பெட்டி, தலையணை, சாப்பாட்டுக் கூடை எல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும். மெக்கானிக்கிடம் போகும்முன் இதைப் பார்த்துவிடுங்கள். அவர் சிரிக்க மாட்டார், ஆனால் டீக்கடையில் சொல்லுவார்.

தெர்மாமீட்டரை வைத்து ஒரு கால் மணி நேரம்

முனை கூராக இருக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சமையலுக்கு விற்பதே போதும். வண்டியை நிழலில் நிறுத்தி, கதவை எல்லாம் மூடி, ஏசியை முழுக் குளிரில் வைத்து, ப்ளோயரை நடுவில் வைத்து, வெளிக்காற்று வராமல் உள்காற்றே சுற்றும் பட்டனை அழுத்திவிட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். முன்பக்க நடு வென்ட்டில் ஒரு அளவு, பின் வென்ட்டில் ஒரு அளவு. வெளியில் 35 டிகிரி என்றால் முன்னால் 7 முதல் 10 வரை வந்தால் நல்ல கூலிங். பின்னால் அதைவிட மூன்று நான்கு டிகிரி அதிகம் இருந்தால் கவலைப்பட வேண்டாம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஈரம் அதிகமுள்ள நாளில் இன்னும் ஓரிரண்டு டிகிரி கூடும். காற்றிலிருக்கும் தண்ணீரைப் பிழியவே ஒரு பங்குக் குளிர் செலவாகிவிடுகிறது.

இந்த இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு போனால் மெக்கானிக்கிடம் பேச்சே மாறும். "கூலிங் பத்தலை" என்று சொன்னால் கேஸ்தான் வரும். "முன்னால 8, பின்னால 22" என்று சொன்னால் அவர் பின்பக்கத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இப்படி முன்னால் குளிர்ந்து பின்னால் மட்டும் சூடாக வந்தால், பின் யூனிட்டுக்குப் போகும் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் (எஞ்சின் ஓடும்போது கையை எங்கே வைப்பது என்று தெரிந்தவர் தொடட்டும்). ஒல்லியான குழாய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், தடித்தது ஜில்லென்று வியர்த்திருக்க வேண்டும். தடித்ததும் வெளிக்காற்றுச் சூட்டிலேயே இருக்கிறது என்றால் பின் காயிலுக்குள் கேஸ் நுழையவே இல்லை: பின் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருக்கும், அல்லது அந்த லைனைத் திறந்து மூடும் மின் வால்வு உள்ள வண்டிகளில் அது வேலை செய்யவில்லை. குழாய் ஜில்லென்று இருந்தும் காற்று மட்டும் சோம்பேறித்தனமாக வருகிறது என்றால் ப்ளோயரோ, காயிலில் ஐந்து வருடமாகப் படிந்த தூசியோ. முன்பக்கத்துக்குப் பெரும்பாலும் கேபின் ஃபில்டர் உண்டு, நாமும் மாற்றுகிறோம். பின் யூனிட்டில் பல வண்டிகளில் ஒரு சாதா வலைதான், அதையும் யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். நான் முதன்முதலில் திறந்தபோது உள்ளே ஒரு கம்பளி விரித்ததுபோல முடியும் தூசியும், நடுவில் ஒரு சாக்லேட் காகிதம்.

முன்னும் பின்னும் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறது என்றால் அப்போது கேஸைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஓட்டையைத் தேடிவிட்டு.

ஓட்டை பெரும்பாலும் நம் கண் படாத இடத்தில்

என் வண்டியில் அது பின் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்தபோது, அடியில் எல்லாக் குழாயும் காய்ந்த மண் நிறத்தில் இருந்தன. குழாயைப் பிடித்திருக்கும் ஒரு கிளாம்ப் இருக்கும் இடத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பாக, ஈரமாக, பசை மாதிரி மண். விரலால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்துதான் சுற்றுகிறது, ஓட்டை வழியாகக் கேஸ் போகும்போது ஆயிலும் கசிந்து தூசியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கிளாம்ப்பைக் கழற்றினால் உள்ளே அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை. மூன்று வருட கேஸ் பணமும் அது வழியாகத்தான் போயிருக்கிறது.

கிளாம்ப்புக்குள் சேறும் தண்ணீரும் தேங்கும் இடம், சக்கரம் கல்லைத் தெறிக்கவிடும் இடம், குழாய்கள் சேரும் ஜாயின்ட் என்று இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். கடல்காற்று படும் ஊரில் இருந்தால் கட்டாயம். அமெரிக்காவில் மினிவேன் வைத்திருப்பவர்களும் இதே பின் லைன் அரித்துப்போகிறது என்றுதான் புலம்புகிறார்கள், அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு காரணம். இதெல்லாம் பார்த்துவிட்டு, முன்னால் கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர். அது கிரில்லுக்குப் பின்னாலேயே இருப்பதால் கல் நேராக அடிக்கும். கேஸ் ஏற்றும் வால்வுக்குள் இருக்கும் சின்னப் பின் ஒழுகினாலும் இதே கதைதான், அது சில்லறைச் செலவு. அதன் பிளாஸ்டிக் மூடியைத் தொலைத்துவிடாதீர்கள்.

கடைக்காரர் சோப்பு நுரை போட்டுப் பார்ப்பார், சின்ன ஓட்டைக்கு அது பத்தாது. நைட்ரஜன் ஏற்றி பிரஷர் குறைகிறதா என்று பார்ப்பது நல்லது. சாயம் கலந்து, சில நாள் ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கில் பார்ப்பதும் நல்லது. ஓட்டையை அடைக்கும் மருந்து என்று டப்பாவில் விற்பதை மட்டும் ஊற்றவே விடாதீர்கள். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துவிட வாய்ப்பு அதிகம். பின்னால் தனிக் காயில் உள்ள வண்டியில் அது இரண்டு.

கேஸ் ஏற்றும்போது எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கும்; இரண்டு காயில் உள்ள வண்டிக்கு ஒற்றைக் காயில் காரைவிட நிறையவே பிடிக்கும். பிரஷர் காட்டும் கேஜைப் பார்த்து "பிரஷர் சரியா இருக்கு சார்" என்பது போதாது. பல கார் ஏசிகளில் இருக்கும் 134ஏ கேஸ், 35 டிகிரி வெயிலில் எஞ்சின் நின்றிருக்கும்போது சுமார் 115 பிஎஸ்ஐ காட்டும். பாதி கேஸ் இருந்தாலும் அதே 115தான் காட்டும், உள்ளே கொஞ்சம் திரவமாக இருக்கிற வரைக்கும். அந்த எண் சொல்வது வெயிலைத்தான், அளவை இல்லை. ஏற்றுவதற்கு முன், குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்யூம் பம்ப் குறைந்தது அரை மணி நேரமாவது ஓட வேண்டும், இரண்டு காயில் என்றால் முக்கால் மணி. பத்து நிமிடத்தில் நிறுத்தினால் குழாய்க்குள் ஈரம் தங்கும், அதுவே பிறகு வால்வில் ஐஸாக உறையும். ரொம்ப மலிவாகக் கேஸ் போடும் இடங்களில் என்ன கேஸ் என்று கேளுங்கள். சமையல் கேஸ் வகையைச் சேர்ந்ததைக் கலந்து ஏற்றினால் குளிரத்தான் செய்யும், தீயும் பிடிக்கும்.

கேஸுக்குச் சம்பந்தமே இல்லாதவை

ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறது என்றால் அது காற்றோட்டக் கோளாறு. கண்டென்சர் மேல் ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். உடனே வென்ட்டில் குளிர் கூடினால் ஃபேன் சரியாக இழுக்கவில்லை, அல்லது கண்டென்சரில் பூச்சியும் மண்ணும் அப்பியிருக்கிறது. பின்சக்கர டிரைவ் டீசல் வண்டிகள் பலவற்றில் எஞ்சினே சுழற்றும் ஃபேன் இருக்கும், அதன் நடுவில் உள்ள ஃபேன் கிளட்ச் தளர்ந்தாலும் இதேதான். தண்ணீர் அடித்துக் கழுவும்போது பிரஷர் பம்ப்பைக் கிட்டே பிடிக்காதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

காலையில் கிளம்பும்போது சூப்பர், ஒரு மணி நேரம் கழித்துக் காற்றே வரவில்லை, டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி சூப்பர். இது காயில் ஐஸ் கட்டுவது. ஃபில்டர் அடைப்பு, அல்லது காயிலின் குளிரைப் பார்க்கும் சென்சார். நடுவழியில் இப்படி ஆனால் ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். மாறாக, எஞ்சின் சூடான பிறகு காற்று வேகமாகத்தான் வருகிறது, ஆனால் சூடாக, கம்ப்ரஸர் "டக்" என்று பிடிக்கும் சத்தம் மட்டும் இல்லை என்றால், கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச்சின் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கலாம். பல கிளட்ச்சுகளில் உள்ளே இருக்கும் வாஷரை எடுத்துச் சரிசெய்ய முடியும். இதற்குப் போய் முழுக் கம்ப்ரஸரை மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு.

ப்ளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடினால் அதன் ஸ்பீடைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர், அது சின்ன வேலை. முன் சீட்டுக்காரர் காலடியில் தண்ணீர் நின்றால், ஏசித் தண்ணீரை வெளியே விடும் டிரெயின் டியூப் அடைப்பு. கூரை யூனிட்டிலிருந்து நடு வரிசைக்காரர் தலையில் சொட்டினாலும் அதேதான். டியூப் பக்கத் தூண் வழியாகக் கீழே இறங்கும், அடியிலிருந்து மெல்லக் காற்று ஊதினால் பெரும்பாலும் திறந்துவிடும். ஈரத்துணி வாடை வந்தால், வீடு வருவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓட விடும் பழக்கம் வேண்டும்.

கம்ப்ரஸர் போய்விட்டது என்றால்

இங்கேதான் இரண்டு காயில் வண்டிக்காரர்கள் ஏமாறுகிறார்கள். கம்ப்ரஸர் உள்ளே அரைத்து ஜாம் ஆனால் உலோகத் தூள் குழாய் முழுக்கப் பரவும். முன்பக்கத்தை மட்டும் ஃப்ளஷ் செய்து (குழாயை உள்ளே கழுவி) புதுக் கம்ப்ரஸரைப் போட்டுவிடுவார்கள். பின் லைனும் பின் காயிலும் கழற்றக் கஷ்டம், மேற்கூரை லைனிங் இறக்க வேண்டும், அதனால் "அது நல்லாத்தான் சார் இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். அந்தத் தூள் சில மாதத்தில் புதுக் கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும். எனவே பேரம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: பின் லைனும் ஃப்ளஷ் ஆக வேண்டும், இரண்டு எக்ஸ்பான்ஷன் வால்வும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிது, குழப்பமாக இருந்தால் கண்டென்சரும். மோட்டாரிலேயே ஓடக்கூடிய முழு ஹைப்ரிட் வண்டி என்றால் சாதாரண ஏசி கடைப் பக்கமே போகாதீர்கள். அதில் கம்ப்ரஸர் உயர் வோல்டேஜில் ஓடுகிறது, அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத தனி ஆயில், வேறு ஆயில் கலந்த மெஷினில் கேஸ் ஏற்றினாலே வம்பு.

தினமும் ஆபீசுக்குத் தனியாக ஓட்டுகிறவர்கள் பின் ஏசியை மாதக்கணக்கில் போடுவதே இல்லை, லீவுக்கு ஊருக்குப் போகும் அன்றுதான் போட்டுப் பார்ப்பது, அன்றுதான் மக்கர் செய்யும். மார்கழியாக இருந்தாலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஏசி ஓடட்டும், கம்ப்ரஸர் சீலுக்கு ஆயில் போய்ச் சேர அது வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பின் சுவிட்சையும் போட்டுவிட்டு, சிக்னலில் நிற்கும்போது கையைப் பின்னால் நீட்டி வென்ட்டில் வைத்துப் பாருங்கள்.