'பாரோ': ஆங்கிலத்தில் இரவல் கேட்கப் பழகுவோம்

ஆங்கிலம் பேசத் தொடங்குகிறவர்களுக்கு அன்றாடம் தேவைப்படும் வினைச்சொற்களில் 'பாரோ' ஒன்று. பக்கத்தில் இருப்பவரிடம் பேனா கேட்க, தோழியின் சார்ஜரை வாங்க, நூலகத்தில் புத்தகம் எடுக்க என்று எல்லாவற்றுக்கும் இது வேண்டும். அகராதியில் பார்த்தால் 'கடன் வாங்கு' என்று போட்டிருக்கும். கடன் என்றதும் நம் மனம் வட்டிக்கும் வங்கிக்கும் போய்விடுகிறது. பேனாவைப் போய் யாராவது கடன் கேட்பார்களா? அதனால் 'இரவல் வாங்கு' என்று பதித்துக்கொள்ளுங்கள். திருப்பித் தருவதாக நினைத்து வாங்கும் எதற்கும் இது பொருந்தும். கைமாற்றாக வாங்கும் பணத்துக்கும் இதே சொல்தான்.

வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்கு வசதியாக, ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

படி 1: பொருள் யார் கைக்கு வருகிறது?

முக்கால்வாசித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. தமிழில் 'இரவல்' என்ற ஒரே சொல்லோடு வாங்கு, கொடு என்று சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள். வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்டு'. இது புரியாமல் பலர் 'பாரோ மீ யுவர் பென்' என்கிறார்கள். அது தவறு.

வாக்கியத்தில் யார் 'பாரோ' செய்கிறாரோ, பொருள் அவர் கைக்கு வரவேண்டும். பேனா என் கைக்கு வரவேண்டுமென்றால் வாக்கியத்தில் 'ஐ' இருக்கவேண்டும்:

கேன் ஐ பாரோ யுவர் பென்?

கொடுப்பவரை முன்னால் வைத்துக் கேட்டால் சொல் மாறிவிடும்:

கேன் யூ லெண்டு மீ யுவர் பென்?

இரண்டுக்கும் கிடைப்பது ஒரே பேனாதான். குழப்பம் வந்தால் நம் ஊர்களில் இருந்த 'லெண்டிங் லைப்ரரி' பெயர்ப்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நூலகம் 'லெண்டு' செய்கிறது, வாசகர் 'பாரோ' செய்கிறார்.

படி 2: யாரிடமிருந்து?

அதற்கு 'ஃப்ரம்' போடவேண்டும். தமிழில் 'அத்தையிடமிருந்து குடை வாங்கினேன்' என்று ஆளை முதலில் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் பொருள் முன்னால், ஆள் பின்னால்:

ஐ பாரோடு அன் அம்ப்ரெல்லா ஃப்ரம் மை ஆன்ட்டி.

'ஃப்ரம்' வேண்டாமென்றால் சுருக்கமாக 'ஐ பாரோடு மை ஆன்ட்டிஸ் அம்ப்ரெல்லா' என்றும் சொல்லலாம். பேச்சில் இதுவே இயல்பாக வரும்.

கேள்வியில்தான் கொஞ்சம் பழக்கம் தேவை. 'யாரிடமிருந்து வாங்கினாய்?' என்று கேட்கும்போது 'ஃப்ரம்' கடைசிக்குப் போய்விடும்:

ஹூ டிட் யூ பாரோ இட் ஃப்ரம்?

வாக்கியம் பாதியில் நின்றதுபோல நம் காதுக்குப் படும். ஆனால் இதுதான் சரியான பேச்சு வழக்கு. பலமுறை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். இங்கே 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சொல்லிவிட்டதால் 'பாரோடு' என்று மாற்றக்கூடாது.

படி 3: மரியாதையாகக் கேட்பது

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பிரிவு கிடையாது. இரண்டுக்கும் 'யூ' தான். அதனால் மரியாதையை வேறு இடத்தில் காட்டவேண்டும். நண்பனிடம் 'கேன் ஐ பாரோ' போதும். மேலதிகாரி, ஆசிரியர், முன்பின் தெரியாதவர் என்றால் 'குட் ஐ பாரோ' என்று தொடங்குங்கள். (இது 'நல்ல' என்ற பொருளில் வரும் 'குட்' இல்லை, 'கேன்' என்பதன் பணிவான வடிவம்.) அப்புறம், எவ்வளவு நேரத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் கொடுப்பவருக்கும் நிம்மதி:

குட் ஐ பாரோ யுவர் சார்ஜர் ஃபார் டென் மினிட்ஸ்?

கேன் ஐ பாரோ திஸ் புக் டில் மன்டே?

படி 4: காலம்

இது சுலபம். இறந்தகாலம் 'பாரோடு'. 'பா' வைச் சொல்லி, பின்னால் 'ரோடு' என்று சேர்த்தால் உச்சரிப்பு வந்துவிடும். 'பாரோவெட்' என்று நீட்டவேண்டாம். அவன், அவள் என்றால் நிகழ்காலத்தில் 'பாரோஸ்'. 'லெண்டு' மட்டும் இறந்தகாலத்தில் 'லென்ட்' ஆகும்: 'வண்டு' என்பதில் இருக்கும் மெல்லிய ஒலி போய், 'பட்டு' என்பதில் வரும் அழுத்தமான ஒலி வரும்.

படி 5: எங்கே சொல்லக்கூடாது?

எடுத்துக்கொண்டு போகமுடியாத பொருளுக்கு 'பாரோ' வராது. ஒருவர் வீட்டில் கழிவறையைப் பயன்படுத்த அனுமதி கேட்பதானால் 'கேன் ஐ யூஸ் யுவர் பாத்ரூம்?' என்றுதான் கேட்கவேண்டும்.

வாடகை கொடுத்து எடுப்பதும் 'பாரோ' இல்லை. கடையில் காசு கொடுத்து சைக்கிள் எடுத்தால் அது 'ரென்ட்'.

தின்று தீர்த்துவிடும் பொருளுக்கு 'ஹேவ்' நல்லது: 'கேன் ஐ ஹேவ் எ பிஸ்கட்?' ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு கப் சர்க்கரை கேட்கும்போது மட்டும் 'கேன் ஐ பாரோ எ கப் ஆஃப் சுகர்?' என்கிறார்கள். அதே சர்க்கரை திரும்பப் போகாது, அதே அளவு போகும். பணமும் அப்படித்தான், வாங்கிய நோட்டையேவா திருப்பிக் கொடுக்கிறோம்?

இன்னும் இரண்டு இடங்களில் இந்தச் சொல்லைப் பார்ப்பீர்கள். ஒன்று கணக்கு வகுப்பு. 52-இல் 27-ஐக் கழிக்கும்போது பக்கத்து எண்ணிடம் ஒன்று கடன் வாங்குவோமே, அதுவும் ஆங்கிலத்தில் 'பாரோ'. இன்னொன்று, ஒரு மொழி இன்னொரு மொழியிலிருந்து சொல் எடுப்பது. நம் கட்டுமரம் அங்கே 'கேட்டமரான்' ஆனதை இப்படிச் சொல்லலாம்:

இங்கிலிஷ் பாரோடு த வேர்ட் கேட்டமரான் ஃப்ரம் டமில்.

செய்து பாருங்கள்

கீழே உள்ள மூன்றையும் விடையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

1. அண்ணா, உங்க பைக்கை சாயங்காலம் வரைக்கும் எடுத்துக்கட்டுமா?
2. அவ என்கிட்ட இருநூறு ரூபாய் கைமாத்து வாங்கினா.
3. மாமா அவரோட லேப்டாப்பை எனக்கு இரவல் கொடுத்தார்.

விடைகள்:

1. குட் ஐ பாரோ யுவர் பைக் டில் திஸ் ஈவ்னிங்? ('அண்ணா'வை மொழிபெயர்க்கவேண்டாம். 'குட்' அந்த மரியாதையைத் தந்துவிடும்.)
2. ஷி பாரோடு டூ ஹன்ட்ரட் ருபீஸ் ஃப்ரம் மீ.
3. மை அங்கிள் லென்ட் மீ ஹிஸ் லேப்டாப். கொடுத்தது மாமா என்பதால் 'லென்ட்'. உங்கள் பக்கமிருந்து தொடங்கி 'ஐ பாரோடு மை அங்கிள்ஸ் லேப்டாப்' என்று சொல்லியிருந்தாலும் சரிதான்.