ஏஜென்ட் ‘ஒன்றும் இல்லை’ என்றால் நம்பலாமா? பாதுகாப்பு அறிவிப்புகளைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாம் பயன்படுத்தும் லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று, டூல்களை அழைத்துத் தேடிச் சொல்லும் ஏஐ ஏஜென்ட்டிடம் கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவது இப்போது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. நானும் தினமும் கேட்கிறேன், நிறைய நேரம் மிச்சமாகிறது. ‘ஆபத்து’ என்று பதில் வந்தால் யாராக இருந்தாலும் நின்று படிப்போம். ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால்தான் படிக்காமல் நகர்ந்துவிடுகிறோம். பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது.

ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ்களின் பாதுகாப்பு அறிவிப்புகளைத் திரட்டி வைத்திருக்கும் ஓஎஸ்வி தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். பல டூல்கள் பின்னணியில் இதைத்தான் கேட்கின்றன. ஜாவா நிரல்களில் நடப்பதைப் பதிவுசெய்ய உதவும் லாக்4ஜே-கோர் லைப்ரரியின் 2.14.1 வெர்ஷனைப் பற்றி ஏஜென்ட்டை விசாரிக்கச் சொல்கிறோம். இதுபோல மேவன் என்ற ஜாவா களஞ்சியத்தில் இருக்கும் பேக்கேஜ் என்றால் குழுப் பெயரையும் பேக்கேஜ் பெயரையும் நடுவில் முக்காற்புள்ளி வைத்துச் சேர்த்து அனுப்ப வேண்டும். குழுப் பெயரை விட்டுவிட்டு அனுப்பினால், பெயர் தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திறந்து மூடிய ஒரு ஜோடி அடைப்புக்குறி வரும், உள்ளே வெறுமை. ஏஜென்ட் அதைப் பார்த்து, ‘இந்த வெர்ஷனில் பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை’ என்று எழுதிவிடும். ஆனால் 2021 டிசம்பரில் உலகத்தையே உலுக்கிய, ஆபத்து மதிப்பீட்டில் 10-க்கு 10 வாங்கிய லாக்4ஷெல் என்ற ஓட்டை அந்த வெர்ஷனில் அப்படியே இருக்கிறது.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஏஜென்ட் அனுப்பிய கேள்வியையும் வந்த பதிலையும் அப்படியே காட்டச் சொல்லுங்கள். அப்புறம், ஓட்டை இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பழைய வெர்ஷனை முதலில் கேட்டுப் பாருங்கள். லாக்4ஜே-கோர் 2.14.1-க்கு சிவிஇ-2021-44228 (சிவிஇ என்பது ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண், இது லாக்4ஷெல்லுடையது) வரவில்லை என்றால் கேள்வியே தப்பு. அந்த நிலையில் உங்கள் வெர்ஷனுக்கு வரும் வெற்றுப் பதிலுக்கும் மதிப்பில்லை.

அடுத்தது, ஏஜென்ட் டூலைத் தொடாமல் நினைவிலிருந்தே பதில் சொல்வது. லாக்4ஷெல்லுக்கு எந்த வெர்ஷன் போதும் என்று கேட்டால் 2.15.0 என்று பதில் வரக்கூடும். முதலில் வந்த திருத்தம் அதுதான். சில நாட்களிலேயே அது போதாது என்று தெரிந்து 2.16.0 வந்தது. பிறகு 2.17.0, அந்த மாதம் முடிவதற்குள் 2.17.1. 2.15.0-இல் மிஞ்சியிருந்த ஓட்டையான சிவிஇ-2021-45046-க்கு முதலில் 3.7 மதிப்பெண்தான் கொடுத்திருந்தார்கள், பிறகு அதை 9.0-க்கு உயர்த்தினார்கள். அறிவிப்புகள் இப்படித் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். டூல் உண்மையிலேயே அழைக்கப்பட்டதா, அறிவிப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி என்ன என்ற இரண்டையும் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

லினக்ஸ் சர்வரில் தவறு எதிர்ப்பக்கமாக நடக்கும். 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்தபோது, குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லை உருவாக்கும் திட்டம் 1.0.1ஜி வெர்ஷனில் அதைச் சரிசெய்தது. டெபியன் 7 என்ற லினக்ஸ் தொகுப்பு அந்த வெர்ஷனுக்கு மாறவில்லை. தன்னிடம் இருந்த 1.0.1இ-யிலேயே திருத்தத்தைச் சேர்த்து, பின்னொட்டை மட்டும் ‘டெப்7யு5’ என்று மாற்றி வெளியிட்டது. இன்னொரு லினக்ஸ் தொகுப்பான ரெட் ஹாட்டும் இதே வழிதான். முன்பாதி எண்ணை மட்டும் ஒப்பிடும் ஏஜென்ட், சரிசெய்யப்பட்ட சர்வரையும் ஓட்டை என்று சொல்லும். அதை நம்பி மூலத்திலிருந்து புதிய வெர்ஷனைக் கம்பைல் செய்து போட்டுவிட்டால், அதற்குப் பிறகு டெபியன் அனுப்பும் திருத்தம் எதுவும் அதற்கு வந்து சேராது. டிஸ்ட்ரோவின், அதாவது நாம் பயன்படுத்தும் லினக்ஸ் தொகுப்பின், சொந்த அறிவிப்பைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும், முழு வெர்ஷன் எண்ணையும் பின்னொட்டோடு கொடுக்க வேண்டும்.

வெர்ஷன் எண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். நாம் கேட்ட வரம்பு ஒரு கோப்பில் இருக்கும், உண்மையில் நிறுவப்பட்டது லாக் (lock) கோப்பில் இருக்கும். லாக் கோப்பைக் கொடுங்கள். நாம் நேரடியாகச் சேர்க்காத, வேறொரு லைப்ரரி இழுத்துவந்த பேக்கேஜ்களும் அதில்தான் தெரியும். 2.9-ஐ 2.17-ஐவிடப் பெரியது என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். எழுத்தாக ஒப்பிட்டால் அப்படித்தான் வரும்.

ஒரே எண்ணை மட்டும் தேடுவதும் சரிவராது. 2023-இல், படங்களைக் கையாளும் லிப்வெப்பி லைப்ரரியின் ஓட்டை முதலில் குரோம் பிரவுசரின் பிரச்சினையாக சிவிஇ-2023-4863 என்று பதிவானது. பிறகு லைப்ரரிக்கென்று தந்த சிவிஇ-2023-5129, முந்தையதன் நகல் என்று நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது எண்ணை மட்டும் தேடிய ஏஜென்ட் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று சொன்னால், அது உண்மையான தகவல்தான். ஆனால் ஓட்டை இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

கடைசியாக, அனுமதி. அறிவிப்பில் இருக்கும் விவரமும் அதிலிருந்து போகும் இணைப்புகளும் வெளியாட்கள் எழுதியவை. ‘இந்தக் கட்டளையை ஓட்டிச் சோதிக்கவும்’ என்று அங்கே ஒரு வரி இருந்தால், ஏஜென்ட் அதை நம் உத்தரவாகவே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. தேடும் ஏஜென்ட்டுக்கு வாசிக்கும் அனுமதி மட்டும் போதும். டெர்மினலும் புரொடக்ஷன் சாவிகளும் அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும், அப்டேட் கட்டளையை நீங்களே படித்துப் பார்த்து ஓட்டுங்கள்.