ஃப்ரெஷ்மேன் ஆண்டில் டிரான்ஸ்ஃபர்: செப்டம்பரிலேயே தொடங்க வேண்டிய வேலை

அமெரிக்காவில் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறீர்கள், ஆனால் மனசு இன்னொரு பல்கலைக்கழகத்திலேயே நிற்கிறது, அடுத்த வருஷம் எப்படியாவது அங்கே போய்விட வேண்டும் என்றிருக்கிறீர்கள். சரி, போகலாம். ஆனால் பள்ளி முடிக்கும்போது போட்ட விண்ணப்பத்தையே தூசி தட்டி மறுபடி அனுப்பினால் வேலைக்கு ஆகாது. டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இரண்டு கேள்விகள்தான்: கல்லூரிக்கு வந்தபிறகு என்ன செய்தீர்கள், அதை ஏன் இருக்கிற இடத்திலேயே தொடர முடியாது. இந்த இரண்டுக்கும் பதில் முதல் செமஸ்டரில்தான் உருவாகிறது.

ஏனென்றால் காலண்டர் அப்படி. ஹார்வர்ட், யேல் போன்ற இடங்களில் கடைசித் தேதி மார்ச் 1, கார்னெல், ஸ்டான்ஃபோர்டில் மார்ச் 15 என்றுதான் வழக்கமாக இருக்கும் (வருஷத்துக்கு வருஷம் மாறலாம், அந்தந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்). அதற்குள் உங்கள் கையில் இருக்கப்போவது டிசம்பரில் வந்த ஒரே ஒரு செமஸ்டர் மதிப்பெண். அதனால் பள்ளி மதிப்பெண்களுக்கும் இன்னும் நிறைய எடை இருக்கும். பள்ளியில் சுமாராகப் படித்து, கல்லூரியில்தான் சூடு பிடித்தது என்றால், அவசரப்படாமல் இரண்டாம் ஆண்டில் விண்ணப்பித்து ஜூனியராக, அதாவது மூன்றாம் ஆண்டில், சேர முயல்வதே நல்லது என்பது என் கருத்து. அப்போது மூன்று செமஸ்டர் மதிப்பெண் பேசும், பள்ளிக் கணக்கு பின்னால் போய்விடும்.

அடுத்தது, எந்தக் கதவு நிஜமாகவே திறந்திருக்கிறது என்று பார்ப்பது. இதில்தான் நிறையப் பேர் ஒரு வருஷத்தை வீணாக்குகிறார்கள். ஹார்வர்ட் டிரான்ஸ்ஃபரில் எடுப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டஜன் பேர், விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில். பிரின்ஸ்டன் 1990இல் டிரான்ஸ்ஃபரையே நிறுத்திவிட்டு 2018இல்தான் மறுபடி தொடங்கியது, அதுவும் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி) படிப்பவர்கள், ராணுவத்தில் இருந்தவர்கள், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்து. கார்னெல் வேறு மாதிரி. அங்கே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் எடுக்கிறார்கள், முதலாமாண்டு விண்ணப்பத்தின்போதே சிலருக்கு 'ஒரு வருஷம் வேறெங்காவது நன்றாகப் படித்துவிட்டு வா' என்று டிரான்ஸ்ஃபர் ஆப்ஷனும் தருகிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவின் யுஎஸ்சி இன்னும் பெரிய எண்ணிக்கையில் எடுக்கும். இந்த எண்களை எங்கே பார்ப்பது? ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்'டில் டி பகுதியைத் திறங்கள், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று இருக்கும். பட்டியல் போடும் முன்பு இதைச் செய்யுங்கள்.

கலிஃபோர்னியா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் பெர்க்லி, யுசிஎல்ஏ ஆசை அதிகம். இவை உள்ளிட்ட யுசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்கள் பெரும்பாலும் ஜூனியர் நிலையில்தான் டிரான்ஸ்ஃபர் எடுக்கின்றன, அதாவது சேரும்போது 60 செமஸ்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். அதில் சேருபவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் இருந்து வருபவர்கள். வேறு மாநிலத்தில் நான்கு வருடக் கல்லூரியில் ஃப்ரெஷ்மேனாக இருந்துகொண்டு அடுத்த இலையுதிர் காலத்துக்கு பெர்க்லியை நம்பி உட்காருவது சரிவராது. விண்ணப்பமும் முந்தைய நவம்பர் இறுதியிலேயே, டிசம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதே சமயம் நீங்கள் இருப்பதே கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் என்றால் உங்கள் கையில் இருப்பது பெரிய வாய்ப்பு. அசிஸ்ட் தளத்தில் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்று பார்த்துவிடலாம், டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறிலும் இடத்துக்கு உத்தரவாதம் தரும் 'டேக்' என்ற ஏற்பாடு உண்டு (எல்லா மேஜருக்கும், அதாவது முதன்மைப் பாடத்துக்கும், இருக்காது). பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோவில் அது கிடையாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம். பெரும்பாலான இடங்கள் கல்லூரியில் பாடம் நடத்தியவர்களிடமிருந்து ஒன்று அல்லது இரண்டு கேட்கும். 300 பேர் உட்காரும் ஹாலில் பின்வரிசையில் இருந்து ஏ வாங்கியவரைப் பற்றி அந்தப் பேராசிரியரால் என்ன எழுத முடியும்? மதிப்பெண்ணைத்தான் எழுதுவார், அது ஏற்கனவே டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியல்) இருக்கிறது. அதனால் முதல் செமஸ்டரிலேயே குறைந்தது ஒரு சின்ன வகுப்பு, செமினாரோ ரைட்டிங் வகுப்போ, எடுத்துக்கொள்ளுங்கள். ஆஃபீஸ் அவர்ஸுக்குப் போங்கள். ஆசிரியரிடம் வலியப் போய்ப் பேசினால் காக்கா பிடிப்பது மாதிரி தெரியுமோ என்ற கூச்சம் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தை அவர் ஒதுக்கி வைத்திருப்பதே மாணவர்களுக்காகத்தான். திருப்பித் தந்த கட்டுரையை எடுத்துக்கொண்டு போய் 'இந்த வாதம் ஏன் நிற்கவில்லை' என்று கேளுங்கள், அவர் சொன்ன புத்தகத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி போங்கள். கடிதத்தை ஜனவரி கடைசிக்குள் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது அவர் திருத்திய உங்கள் கட்டுரை, எங்கே எதைப் படிக்கப் போகிறீர்கள் என்ற ஒரு பத்தி, கடைசித் தேதிகள், மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். டிரான்ஸ்ஃபர் ஆகப் போவதாகச் சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அவர்கள் இதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கட்டுரைக்கு வருவோம். ஏன் மாற வேண்டும் என்ற கேள்விக்கு 'இங்கே சவால் போதவில்லை, அங்கே உலகத்தரம்' என்று எழுதினால் அது யாருடைய விண்ணப்பத்திலும் ஒட்டும். இருக்கிற கல்லூரியைத் திட்டவும் திட்டாதீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். பொருளாதாரம் படிக்க வந்த ஒருவர் முதல் செமஸ்டரில் தொழிலாளர் வரலாறு பாடம் எடுக்கிறார், 1911இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் இறந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார், வேலையிடப் பாதுகாப்புச் சட்டங்களில் ஆர்வம் பிடித்துக்கொள்கிறது. அவருடைய கல்லூரியில் அதற்குமேல் அந்தத் துறையில் பாடமே இல்லை. கார்னெலில் தொழிலாளர் உறவுகளுக்கென்றே ஐஎல்ஆர் என்று ஒரு கல்லூரி இருக்கிறது, அந்தத் தீ விபத்தின் ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் கீல் சென்டர் அங்கேதான் இருக்கிறது. இவர் எழுதினால் ஏன் அந்த இடம் என்பது தானாகவே விளங்கும். உங்கள் துறை எதுவானாலும் இப்படி ஒரு நூல் இருக்க வேண்டும்: படித்த பாடம், அதில் செய்த வேலை, இங்கே முட்டுகிற இடம், அங்கே தொடரும் வழி. பெயருக்காக மட்டும் மாற நினைத்தால் இந்த நூல் கிடைக்கவே கிடைக்காது, எழுத உட்காரும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

படிவங்கள் பற்றிச் சுருக்கமாக. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் டிரான்ஸ்ஃபருக்குத் தனி விண்ணப்பம். காலேஜ் ரிப்போர்ட்டை உங்கள் கல்லூரி டீன் அல்லது ரெஜிஸ்ட்ரார் அலுவலகம் நிரப்பும், மிட்-டெர்ம் ரிப்போர்ட்டில் வசந்த செமஸ்டரில் இப்போது எப்படிப் படிக்கிறீர்கள் என்று பாடம் நடத்துபவர்கள் எழுதுவார்கள். ஆக, விண்ணப்பம் போட்டாச்சு என்று வசந்த செமஸ்டரில் கால் நீட்டக் கூடாது. பள்ளி டிரான்ஸ்கிரிப்டும் வேண்டும், தமிழ்நாட்டில் பள்ளி முடித்துவிட்டுப் போனவர்கள் மார்க் ஷீட்டுக்கு முன்கூட்டியே பள்ளிக்கு எழுதுங்கள். எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்பது இடத்துக்கு இடம் வேறுபடும். நிதி உதவிக்கு குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் ஃபாஃப்சா என்ற அரசுப் படிவம் போட வேண்டும், தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற இன்னொரு நிதி உதவிப் படிவமும் கேட்கும்.

இடம் கிடைத்துவிட்டால் சந்தோஷத்தில் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். நீங்கள் முடித்த பாடங்களுக்கு எத்தனை கிரெடிட் ஒப்புக்கொள்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். இதற்காகத்தான் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் முதல் நாளிலிருந்தே சேமித்து வைக்கச் சொல்கிறேன், பாடத்தின் பெயரை மட்டும் வைத்து அவர்களால் முடிவு செய்ய முடியாது. பள்ளியிலேயே எழுதிய கல்லூரி அளவு ஏபி தேர்வுகளுக்கு இங்கே ஏற்றுக்கொண்ட கிரெடிட்டை அங்கே ஏற்காமல் போகலாம். ஒரு செமஸ்டர் கூடினாலே வீட்டுக்கு எவ்வளவு செலவு என்று அம்மா அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். இப்போது மெரிட் ஸ்காலர்ஷிப் இருந்தால் அது கூடவே வராது, புதிதாகச் சேரும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு அந்த வகை உதவி பொதுவாகக் குறைவு.

முடிவு ஏப்ரல், மே மாதங்களில் வரும். அதுவரை இருக்கிற கல்லூரியில் அடுத்த செமஸ்டர் பாடங்களுக்குப் பதிவு செய்யுங்கள், ஹாஸ்டலுக்கும் விண்ணப்பியுங்கள், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள், புதிய இடம் உறுதியானதும் இப்போதைய கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் சொல்லி அரசின் சர்வதேச மாணவர் பதிவேடான செவிஸில் உங்கள் பதிவை மாற்ற ஒரு தேதி குறிக்க வேண்டும், அந்தத் தேதிக்குப் பிறகுதான் புது பல்கலைக்கழகம் டிரான்ஸ்ஃபருக்கான ஐ-20 (மாணவர் விசாவுக்கு அடிப்படையான படிவம்) தரும். கோடையில் கேம்பஸில் வேலை பார்ப்பதாக இருந்தால் அந்தத் தேதியை வேலை முடியும் நாளுக்குப் பின்னால் வையுங்கள், பதிவு மாறிய அன்றே பழைய இடத்தில் வேலை பார்க்கும் அனுமதியும் முடிந்துவிடும்.