ஸ்லைடில் படம் எங்கே மங்குகிறது? ஸ்கிரீன்ஷாட் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தயாரிக்கும் ஸ்லைடுகளை இப்போதெல்லாம் வாடிக்கையாளருக்குப் போகும் முன் நான்தான் பார்க்கிறேன். எங்களுடையது பில்லிங் மென்பொருள் என்பதால் ஸ்லைடு என்றாலே பாதிக்கு மேல் ஸ்கிரீன்ஷாட்தான். அவற்றில் பல, தொகை எது, தேதி எது என்றே தெரியாமல் புகை மூட்டமாக இருக்கும். கேட்டால், "ப்ரொஜெக்டர் சரியில்லைங்கண்ணா" என்பதுதான் முதல் பதில். அந்தப் பதிலை நானும் ஒரு காலத்தில் தாராளமாகச் சொன்னவன், அதனால் கோபம் வருவதில்லை. ஒரே ஒரு தவறைப் பார்த்தால் மட்டும் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

மானிட்டரை மொபைலில் போட்டோ எடுத்து ஒட்டுவது, படத்தின் பக்கவாட்டைப் பிடித்து இழுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்பது செய்கிறவருக்கே தெரியும்.

முழுத் திரையையும் பிடிப்பது

லேப்டாப் திரை 1920-க்கு 1080 பிக்சல். எக்செல்லைத் திறந்து, மேலே இருக்கும் மெனு, கீழே இருக்கும் டாஸ்க்பார், கடிகாரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிரிண்ட் ஸ்கிரீன். அது ஸ்லைடின் வலது பாதியில் போய் உட்காரும், இடது பாதியில் நான்கு புல்லட் பாயின்ட். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 பாயின்ட் எழுத்து, விண்டோஸ் ஸ்கேலிங் 100 சதவீதத்தில் இருந்தால், திரையில் சுமார் 15 பிக்சல். பாதி ஸ்லைடுக்குச் சுருங்கினால் ஏழு, எட்டு. மீட்டிங் ஹாலில் இருப்பது 1280-க்கு 800 ப்ரொஜெக்டர் என்றால் ஐந்து. ஐந்து பிக்சலில் 6-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. படம் துல்லியமாகவே இருந்தாலும் எழுத்து வாசிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. பின்வரிசையில் இருப்பவருக்கு அதுவும் மங்கல்தான்.

எந்தப் பகுதியைப் பற்றிப் பேசப்போகிறீர்களோ அதை மட்டும் பிடியுங்கள். விண்டோஸில் விண்டோஸ், ஷிப்ட், எஸ் மூன்றும் சேர்த்து; மேக்கில் கமாண்ட், ஷிப்ட், 4. பிரவுசரில் ஓடும் மென்பொருளாக இருந்தால் அதற்கு முன்னால் கன்ட்ரோலோடு பிளஸ் அழுத்தி 150, 200 சதவீதம் வரை பெரிதாக்கிக்கொள்ளுங்கள். பிரவுசர் எழுத்துகளைப் பெரிய அளவில் புதிதாக வரைந்து தரும். ஸ்லைடில் வந்த பிறகு மூலையைப் பிடித்து இழுத்தால் அப்படி எதுவும் நடக்காது, இருக்கிற பிக்சல்களுக்கு நடுவே நிரப்பு வேலைதான் நடக்கும். எக்செல்லிலும் வலது கீழ் மூலையில் ஜூம் இருக்கிறது. குரோமில் டெவலப்பர் டூல்ஸ் தெரிந்தவர்கள், டிவைஸ் மோடில் பிக்சல் ரேஷியோவை 2 அல்லது 3 என்று வைத்து அங்கேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் இன்னும் நல்லது.

"முழுத் திரையும் தெரிந்தால்தானே எந்த இடம் என்று புரியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முழுத் திரைக்கு ஒரு ஸ்லைடு, அதில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கட்டம். அடுத்த ஸ்லைடில் அந்தப் பகுதி மட்டும், பெரிதாக.

சேமிக்கும்போது தானாக நடக்கும் சுருக்கம்

எரிச்சல் என்றேனே, அது இதுதான்.

பவர்பாயிண்டில் படத்தைப் போட்டுச் சேமித்தால், நீங்கள் போட்ட படம் அப்படியே ஃபைலுக்குள் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சேமிக்கும் நேரத்தில் அது படங்களைச் சுருக்க முடியும். எவ்வளவு சுருக்கும் என்பது, அந்தப் படம் அந்த நேரத்தில் ஸ்லைடில் எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. செட்டிங்கில் 220 பிபிஐ என்று இருந்தால், ஓர் அங்குலத்துக்கு 220 பிக்சல் போதும் என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். பதிப்பைப் பொறுத்து இந்த எண் மாறும். புதியவற்றில் 'ஹை ஃபிடெலிட்டி' என்றொரு தேர்வும் இருக்கிறது. ஆனால் இந்த அமைப்பு ஃபைலோடு ஒட்டிக்கொண்டு வருவது. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஸ்லைடுகளை 'சேவ் ஆஸ்' செய்து, தலைப்பை மாற்றி வேலை செய்யும் வழக்கம் எந்த அலுவலகத்தில் இல்லை? பழைய எண்ணும் கூடவே வரும்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சோதனையில் வந்த பிழைத் திரைகளை எல்லாம் 4கே மானிட்டரில், 3840 பிக்சல் அகலத்தில் அருமையாகப் பிடித்திருந்தார். எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று டீம் லீடர் பார்ப்பதற்காக ஒரு ஸ்லைடுக்கு ஆறு படம் வீதம் அடுக்கி, சேமித்து அனுப்பினார். வழக்கமான 16:9 ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம். ஆறு படம் அடுக்கினால் ஒவ்வொன்றும் சுமார் 4 அங்குலம். 4 அங்குலத்தை 220-ஆல் பெருக்கினால் 880. ஆக 3840 பிக்சலில் 880 மட்டும் மிஞ்சியது. மறுநாள் லீடர், "எல்லாமே வேண்டும், ஒவ்வொன்றையும் தனி ஸ்லைடில் பெரிதாகப் போடு" என்றார். போட்டார். ஒரு படத்திலும் பிழைச் செய்தியை வாசிக்க முடியவில்லை. "நேத்து நல்லாத்தான் இருந்துச்சுங்கண்ணா" என்று என்னிடம் வந்து நின்றார். அவர் சொன்னது உண்மை. நேற்று நன்றாகத்தான் இருந்தது.

சரி, மூலப் படங்களை எடுத்து மறுபடி போட்டுவிடலாம் என்றால், அப்படி எதுவும் இல்லை. பிடித்ததை நேராக ஸ்லைடில் ஒட்டியிருந்தார், தனியாக எங்கும் சேமிக்கவில்லை. மறுபடி பிடிக்கலாம் என்றால், சோதனை சர்வரை அடுத்த சுற்றுக்காக அதற்குள் துடைத்துவிட்டார்கள். பழைய பில்களையெல்லாம் திரும்ப உள்ளிட்டு, அதே பிழைகளைத் திரும்ப வரவழைத்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு செய்தோம். சில பிழைகள் வரவே இல்லை. வாடிக்கையாளர் கூட்டம் தள்ளிப்போனது.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. ஃபைல் பெருத்துவிடாமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் தரத்தைக் குறைக்கும் காரியத்தை ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டு, அதைத் தடுக்கும் டிக் பாக்ஸை மூன்று அடுக்குக்கு உள்ளே வைத்திருக்கிறார்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. அதைவிட, இது தெரிந்த மூத்தவர்கள் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்காமல் இருப்பது.

செய்ய வேண்டியது இதுதான். விண்டோஸ் பவர்பாயிண்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய்க் கொஞ்சம் கீழே இறங்கினால் 'இமேஜ் சைஸ் அண்டு குவாலிட்டி' என்ற பகுதி வரும். அதில் 'டூ நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்பதை டிக் செய்யுங்கள். பக்கத்தில் எந்த ஃபைலின் பெயர் காட்டுகிறது என்று பாருங்கள், டிக் அந்த ஃபைலுக்கு மட்டும்தான். முதல் படத்தை ஒட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். பிறகு செய்தால், ஏற்கெனவே போன பிக்சல் எதுவும் திரும்பி வராது.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. பவர்பாயிண்ட் சேமிக்கும் பிபிடிஎக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல்தான். ஒரு நகல் எடுத்து, ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் பிபிடிஎக்ஸ் என்ற எழுத்துகளை ஜிப் என்று மாற்றித் திறங்கள். பிபிடி என்ற ஃபோல்டருக்குள் மீடியா என்று ஒன்று இருக்கும். உங்கள் படங்கள் இப்போது எத்தனை பிக்சலில் உயிரோடு இருக்கின்றன என்று அங்கே தெரிந்துவிடும். யார்மேல் பழி போடுவது என்ற விவாதம் இதோடு முடியும்.

இதே தவறுக்கு இன்னொரு வாசலும் உண்டு. மெயிலில் ஃபைல் போகவில்லை, ஜிமெயில் 25 எம்பிக்கு மேல் ஏற்காது. உடனே 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' போய் 96 பிபிஐ தேர்ந்தெடுத்து, அதே ஃபைலிலேயே சேமித்துவிடுகிறார்கள். முழு ஸ்லைடை நிறைக்கும் படம்கூட அதோடு 1280 பிக்சல். மெயிலுக்கு ஒரு நகல் எடுத்து அதைச் சுருக்குங்கள், அல்லது டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள். மூல ஃபைலில் கை வைக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்களையும் ஒட்டுவதற்கு முன் ஒரு ஃபோல்டரில் பெயர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபோல்டர் இருந்திருந்தால் மேலே சொன்ன கதையே நடந்திருக்காது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்குவது

வேண்டாம். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஜேபெக்கில் சேமிப்பது

ஜேபெக் போட்டோவுக்காக வந்தது. படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். மரம், முகம், வானம் என்றால் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் அழுக்குப் படிந்த மாதிரி தெரியும். போதாததற்கு, பல மென்பொருள்கள் ஜேபெக்கில் நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்தே வைக்கின்றன. அதில் முதலில் அடிபடுவது சிவப்பு எழுத்து. பிழைச் செய்திகள் பெரும்பாலும் எந்த நிறத்தில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு, எதையும் கழிக்காமல் சேமிக்கும் பிஎன்ஜி. ஒருமுறை ஜேபெக் ஆனதை பிஎன்ஜியாக மாற்றினால் அழுக்கும் சேர்ந்து பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ்ஸில் பிடிஎஃப் எடுப்பவர்கள் கவனிக்க: அங்கே ஏற்றுமதிப் பெட்டியில் ஜேபெக்தான் முன்தேர்வாக இருக்கும். 'லாஸ்லெஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

"300 டிபிஐயில் கொடுங்க"

டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது, படத்தோடு எழுதி வைத்த ஒரு குறிப்பு மட்டுமே. 1920 பிக்சல் படத்தில் 72 என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் 1920 பிக்சல்தான். பிக்சலை எண்ணுங்கள்.

மங்கிய படத்தை ஷார்ப்பன் செய்வது

உதவாது. ஏஐ கொண்டு பெரிதாக்குவது இன்னும் மோசம். அழகாக இருக்கும், ஆனால் இல்லாத இலக்கத்தைத் தானே ஊகித்து வரைந்து வைத்துவிடும். பில் தொகையில் அந்த விளையாட்டு வேண்டாம்.

படமே தேவைப்படாத இடத்தில் படம்

எக்செல் வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுவது ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை. வரைபடமாகவே காப்பி செய்து ஒட்டினால் கோடும் எழுத்தும் எந்த அளவிலும் துல்லியமாக இருக்கும். அப்படி ஒட்டும்போது ஒர்க்புக்கும் உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சம்பளப் பட்டியல் உள்ள ஷீட்டும் சேர்ந்து போன கதைகள் உண்டு. லோகோவும் படவிளக்கமும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜியாகக் கிடைத்தால் அதையே கேளுங்கள், 2016-க்குப் பின் வந்த பவர்பாயிண்ட் பதிப்புகள் பெரும்பாலும் ஏற்கும். நான்கு வரி அட்டவணையை ஸ்லைடிலேயே தட்டச்சு செய்துவிடலாம்.

ஸ்லைடுக்குள் வெட்டுவது

இது துல்லியத்தைப் பற்றியது இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பவர்பாயிண்டில் கிராப் செய்த பகுதி கண்ணுக்குத்தான் மறைகிறது, ஃபைலில் இருக்கும். ஃபைலைப் பெறுபவர் கிராப்பை அழுத்தி இழுத்தால் வாடிக்கையாளரின் தொலைபேசி எண் வெளியே வந்துவிடும். கிராப் செய்த பின் 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' பெட்டியில் 'டெலீட் கிராப்டு ஏரியாஸ்' மட்டும் டிக் செய்து, ரெசல்யூஷனை 'யூஸ் டீஃபால்ட்' என்றே விடலாம். வெளியே ஒரு கருவியில் வெட்டினாலும் நிம்மதி இல்லை: 2023-இல் கூகுளின் பிக்சல் போனின் மார்க்அப் கருவியிலும் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும், வெட்டி அதே ஃபைலில் சேமித்த படங்களிலிருந்து வெட்டிய பகுதியை மீட்க முடியும் என்று தெரியவந்து, திருத்தம் வெளியிட்டார்கள். ஆகவே பிடிக்கும்போதே தேவையானதை மட்டும் பிடிப்பதுதான் நல்லது.

காட்டும் இடத்தைப் பார்க்காமல் விடுவது

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் மங்கினால், அப்புறம் ப்ரொஜெக்டரைச் சந்தேகப்படலாம். பெட்டியில் '4கே சப்போர்ட்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் பல சமயம் அதன் பொருள். 'நேட்டிவ் ரெசல்யூஷன்', அதாவது ப்ரொஜெக்டர் உண்மையில் காட்டும் பிக்சல், எவ்வளவு என்று பார்த்து, லேப்டாப்பின் வெளித் திரைக்கும் அதையே வையுங்கள். சாய்வாக விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோன் திருத்தம் படத்தை மறுபடி கணக்குப் போட்டு வரைகிறது, எழுத்து கலங்கும். முடிந்தால் ப்ரொஜெக்டரையே நேராக நகர்த்தி வைத்துவிட்டு அந்தத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். டிவியில் காட்டினால் ஓரங்கள் வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்டால் படத்தை டிவி கொஞ்சம் இழுத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். பிக்சர் செட்டிங்கில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஏதோ ஒரு பெயரில் அதைச் சரிசெய்யும் வழி இருக்கும்.

ஜூமில் காட்டுகிறீர்கள் என்றால், ஷேர் செய்யும்போது 'ஆப்டிமைஸ் ஃபார் வீடியோ கிளிப்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது அசைவு தடங்கலில்லாமல் ஓடுவதற்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுக்கும். வீடியோ ஓடும் ஸ்லைடு வரும்போது மட்டும் போட்டு, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.