கோடையில் புளிக்காத இட்லி மாவு: என் அனுபவம்

மயிலாப்பூர்ப் பக்கம் குடும்பமாக டிபன் கடை போட்டதும் முதல் கோடையிலேயே வந்த தொல்லை இது. ராத்திரி 8 மணிக்கு அரைத்த மாவு விடிகாலை 5 மணிக்குப் பொங்கி வழிந்திருக்கும். இட்லி தட்டையாக, புளிப்பாக வரும். அரிசி, உளுந்தில் குறையில்லை. கிரைண்டர் கல் சூடேறி மாவே வெதுவெதுப்பாகத்தான் இறங்குகிறது. இந்தப் புழுக்கத்தில் அதற்கு 6 மணி நேரம் போதும்.

இப்போது 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ முழு உளுந்து, 4 டீஸ்பூன் வெந்தயம். உளுந்தை ஃபிரிட்ஜுக்குள் ஊறவைத்து, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து 35 நிமிடம் அரைக்கிறோம். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும்; மூழ்கினால் இன்னும் 5 நிமிடம். அரிசி ரவைப் பதம். கையால் கரைப்பதில்லை, கரண்டிதான். அரைக்கும் நேரத்தை இரவு 10:30க்குத் தள்ளினோம்.

அண்டாவைப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. பொங்கிய மாவில் 7 மணிக்கு மேல் ஊற்ற வேண்டியதை 5 மணிக்கே ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுகிறோம். இதுதான் பெரிய வித்தியாசம்.

சோடா உப்பு போட்டு மறைப்பவர்களும் உண்டு. நம் பிள்ளைகளும் சாப்பிடும் இட்லியில் அதற்கு மனசு வரவில்லை. மீறிப் புளித்த மாவு வெங்காய ஊத்தப்பத்துக்குப் போகும்.