‘போனால்’ என்பது வென்னா, இஃப்பா? கார்டில் எழுதியிருப்பதைப் பிரித்துப் படிக்கும் முறை

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டு 1993-ல் கடைக்கு வந்தது. அதற்கு முன்னால், உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் அதைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கார்டில் ‘ஆப்போனென்ட் லூசஸ் நெக்ஸ்ட் டர்ன்’ என்று இருந்தது. எதிராளிக்கு அடுத்த டர்ன் கிடையாது என்பதுதான் எழுதியவர் நினைத்தது. ஆடிப் பார்த்தவரோ, அடுத்த டர்னில் எதிராளி தோற்றே போவான் என்று படித்துவிட்டார். அந்தக் கார்டு டைம் வாக் என்ற பெயரில் வெளிவந்தபோது, இதற்குப் பிறகு கூடுதலாக ஒரு டர்ன் எடுத்துக்கொள் என்று வாசகத்தை மாற்றிவிட்டார்கள்.

தமிழில் இந்தச் சண்டையே வராது. இழப்பது வேறு, தோற்பது வேறு. ஆனால் வேறு பல இடங்களில் கதை தலைகீழ். ஆங்கிலம் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதை நம் பேச்சு ஒன்றாகச் சேர்த்துவிடும். மேஜிக், யு-கி-ஓ, போகிமான் என்ற மூன்று கார்டு விளையாட்டுகளுக்கும் தமிழ் அச்சு கிடையாது. காட்பாடி விடுதி அறையில் ஆடினாலும் சத்துவாச்சாரி மொட்டைமாடியில் ஆடினாலும் கார்டு ஆங்கிலத்தில் இருக்கும், வாய் தமிழில் பேசும். சண்டை பிறப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

யு-கி-ஓ மேசையில் அடிக்கடி கேட்கும் வழக்கு இது (டெக் என்பது ஆட்டக்காரரின் கார்டுக் கட்டு, கிரேவ்யார்டு என்பது முடிந்துபோன கார்டுகளைப் போடும் குவியல், ட்ரிப்யூட் என்பது களத்தில் இருக்கும் மான்ஸ்டரைப் பலி கொடுப்பது):

“மச்சி, என் பெட்டன் கிரேவ்யார்டுக்குப் போச்சு இல்ல? டெக்குலருந்து இன்னொண்ணு இறக்குறேன்.”

“இன்னாத்துக்கு? நீதான அத ட்ரிப்யூட் குடுத்து பெரிய மான்ஸ்டர இறக்குன?”

“போனா இறக்கலாம்னு போட்டுருக்குதுடா!”

‘போனா’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் தப்பு இருக்கிறது. பெட்டன் த டார்க் கிளவுன் கார்டில் இருப்பது ‘வென்’, அதோடு ‘யூ கேன்’. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், அந்த நிகழ்ச்சிதான் கடைசியாக நடந்ததாக இருக்க வேண்டும். ட்ரிப்யூட் சம்மனில் முதலில் பெட்டன் கிரேவ்யார்டுக்குப் போகிறது, அதன் பிறகு பெரிய மான்ஸ்டர் இறங்குகிறது. கடைசியாக நடந்தது சம்மன். பெட்டனுக்கு நேரம் தவறிவிட்டது. ஆட்டக்காரர்கள் ‘மிஸ்ஸிங் த டைமிங்’ என்பது இதைத்தான். அதே இடத்தில் ‘இஃப்’ என்று அச்சாகியிருந்தால், அந்தச் செயல்கள் எல்லாம் முடிந்தபின் இறக்கியிருக்கலாம். ‘யூ கேன்’ இல்லாமல் கட்டாயமாக நடக்கும் எஃபெக்ட் (கார்டின் பலன்) என்றால், ‘வென்’ இருந்தாலும் நேரம் தவறாது. தமிழில் ‘வென்’னும் ‘இஃப்’பும் ‘போனால்’ ஆகிவிடுவதால், சொல்லிக்காட்டும்போதே வித்தியாசம் காணாமல் போகிறது.

ஆகவே முதல் வேலை, சில சொற்களை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொள்வது. வென், இஃப், தென், டார்கெட், சூஸ், டெஸ்ட்ராய், சாக்ரிஃபைஸ், மே, இன்ஸ்டெட். இந்த ஒன்பதையும் வாய்விட்டு ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள், மற்றதைத் தமிழில் பேசுங்கள். “இது கிரேவ்யார்டுக்குப் போன வென், யூ கேன்” என்று கேட்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

படிக்கும் வரிசை

கார்டை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படிக்காதீர்கள். முதலில் எது விதி, எது அலங்காரம் என்று பிரியுங்கள். மேஜிக்கில் சாய்வெழுத்தில் கீழே வரும் கதை வாசகத்துக்கு ஆட்டத்தில் எந்த வேலையும் இல்லை. அடைப்புக்குறிக்குள் சாய்வெழுத்தில் வருவது நினைவூட்டல். அது விதியைச் சுருக்கிச் சொல்கிறது, விதியாகாது. நினைவூட்டலில் ஒரு சொல் விடுபட்டிருப்பதைக் காட்டி வழக்காடுவது வீண்.

அடுத்து நிறுத்தற்குறிகள். யு-கி-ஓவில் 2011 முதல் வாசக அமைப்பையே ஒழுங்குபடுத்தினார்கள். முக்காற்புள்ளிக்கு (:) முன்னால் இருப்பது எப்போது, எந்த நிலையில் செய்யலாம் என்ற நிபந்தனை. அதற்கும் அரைப்புள்ளிக்கும் (;) இடையில் இருப்பது ஆக்டிவேட் செய்யும்போதே கொடுக்கும் விலையும், சுட்டும் டார்கெட்டும். அரைப்புள்ளிக்குப் பின்னால் வருவது எஃபெக்ட் நடந்தேறும்போது நடப்பது. எதிராளி எஃபெக்ட்டை நெகேட் (ரத்து) செய்தாலும், அரைப்புள்ளிக்கு முன்னால் கொடுத்த கார்டு திரும்பி வராது. கடையில் டோக்கன் போட்ட காசு மாதிரி. முக்காற்புள்ளியோ அரைப்புள்ளியோ இருந்தால் அந்த எஃபெக்ட் செயின் தொடங்கும், அதாவது அதற்குப் பதிலடியாக வேறு கார்டு போட இடமுண்டு. இரண்டும் இல்லாத வரி பொதுவாகத் தானே இயங்கிக்கொண்டிருப்பது. மேஜிக்கில் அரைப்புள்ளிக்கு இந்த வேலை கிடையாது. அங்கே முக்காற்புள்ளிக்கு முன்னால் விலை, பின்னால் பலன். ஒரு விளையாட்டின் இலக்கணத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. இரண்டும் ஆடுகிறவர்கள்தான் இதில் அதிகம் வழுக்குகிறார்கள்.

மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூன் கார்டை இந்த முறையில் படித்துப் பாருங்கள். களத்தில் உள்ள ஒரு ஸ்பெல் அல்லது ட்ராப்பை டார்கெட் செய். அதை டெஸ்ட்ராய் செய். அவ்வளவுதான். ‘நெகேட்’ என்ற சொல் எங்கேயும் இல்லை. எதிராளி சாதாரண ஸ்பெல் ஒன்றை ஆக்டிவேட் செய்தபின் அதை இதனால் அடித்தால், அட்டை அழியும், பலன் நடந்தே தீரும். கன்டினியுவஸ், ஃபீல்ட், எக்விப் போன்ற வகைகள் விலக்கு. அவை களத்தில் திறந்தபடி இருந்தால்தான் பலிக்கும். கார்டில் இல்லாத சொல்லை நாமாகச் சேர்த்துப் படிப்பதுதான், இருக்கிற சொல்லைத் தப்பாகப் படிப்பதைவிடப் பெரிய வியாதி.

பிரியாணியும் கத்திரிக்காயும்

யு-கி-ஓவில் இரண்டு செயல்களை இணைக்கும் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆம்பூர்ப் பிரியாணிக் கடையை வைத்துச் சொன்னால் மறக்காது.

‘அண்ட் இஃப் யூ டூ’: பிரியாணி கிடைத்தால் கத்திரிக்காய் அதே தட்டில் சேர்ந்தே வரும். பிரியாணி தீர்ந்துவிட்டால் கத்திரிக்காயும் இல்லை. இரண்டும் ஒரே நேரம்.

‘தென்’: பிரியாணி சாப்பிட்டு முடித்தால்தான் மக்கன் பேடா. முதல் செயல் நடக்காவிட்டால் இரண்டாவது இல்லை. ஆனால் இரண்டும் ஒரே நேரமல்ல, கடைசியாக நடந்தது பேடாதான். முதல் செயலுக்காகக் காத்திருக்கும் ‘வென், யூ கேன்’ கார்டுகளுக்கு இங்கேயும் நேரம் தவறிவிடும்.

‘ஆல்ஸோ’: பிரியாணியும் கொண்டுவா, கத்திரிக்காயும் கொண்டுவா. ஒன்று தீர்ந்திருந்தால் மற்றது வரும். இரண்டும் இருந்தால் ஒன்றாக வரும்.

தமிழில் சொல்லும்போது இந்த மூன்றுமே “இதப் பண்ணிட்டு அதப் பண்ணு” என்று வெளிவந்துவிடும். அப்படிச் சொல்பவரை நிறுத்தி, அச்சில் எந்தச் சொல் இருக்கிறது என்று கேளுங்கள்.

யாரைச் சுட்டுகிறது?

மேஜிக்கில் ‘டார்கெட்’ என்ற சொல் அச்சில் இருந்தால்தான் பொதுவாக டார்கெட். ‘சூஸ்’ என்றிருந்தால் அது டார்கெட் ஆகாது, எதிராளியின் கிரீச்சருக்கு (களத்தில் சண்டையிடும் உயிரிக்கு) ஹெக்ஸ்ப்ரூஃப், அதாவது நீங்கள் டார்கெட் செய்ய முடியாத காப்பு, இருந்தாலும் பயனில்லை. இரண்டையும் ‘தேர்ந்தெடு’ என்று சொன்னால் இந்த வேறுபாடு போய்விடும்.

டயபாலிக் ஈடிக்ட் இதற்கு நல்ல பாடம். ‘டார்கெட் பிளேயர் சாக்ரிஃபைசஸ் எ கிரீச்சர்’ என்பது அதன் பழைய அச்சிலுள்ள வாசகம். டார்கெட் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பது பிளேயரோடு, கிரீச்சரோடு அல்ல. எதிராளியிடம் ஒரே ஒரு கிரீச்சர், அதற்கு ஹெக்ஸ்ப்ரூஃப், இன்டெஸ்ட்ரக்டிபிள் (டெஸ்ட்ராய் ஆகாத காப்பு) இரண்டும் உண்டு என்று வையுங்கள். “என் கிரீச்சர டச் பண்ண முடியாதுண்ணா” என்று தம்பி துள்ளுவான். யாரும் அதைத் தொடவில்லை. அவனைச் சுட்டினோம், அவனே எடுத்துப் போட வேண்டும். சாக்ரிஃபைஸ் என்பது டெஸ்ட்ராய் அல்ல, அதனால் இன்டெஸ்ட்ரக்டிபிளும் தடுக்காது. ஹெக்ஸ்ப்ரூஃப் அந்தத் தம்பிக்கே இருந்திருந்தால் கதை வேறு.

அதே மேஜிக்கில் ‘இஃப்’ எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபெலிடார் சாவரின் கார்டு: உன் அப்கீப் (டர்னின் ஆரம்பக் கட்டம்) தொடக்கத்தில், இஃப் உனக்கு 40 அல்லது அதற்கு மேல் லைஃப் இருந்தால், நீ ஜெயித்தாய். தூண்டும் நிகழ்ச்சியை ஒட்டி, காற்புள்ளிக்குப் பின் உடனே இப்படி ‘இஃப்’ வந்தால் அதை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும்: தூண்டப்படும்போது ஒரு முறை, பலிக்கும்போது ஒரு முறை. அப்கீப் தொடங்கியபோது சரியாக 40 லைஃப். எதிராளி இடையில் லைட்னிங் போல்ட் அடித்து 3 குறைத்தால் 37, வெற்றி இல்லை. தொடங்கும்போது 39 இருந்து, நடுவில் ஏற்றிக்கொள்ளலாம் என்றாலும் முடியாது, தூண்டலே நடந்திருக்காது.

‘இஃப்’போடு ‘வுட்’டும் ‘இன்ஸ்டெட்’டும் வந்தால் அது வேறு ஜாதி. ரெஸ்ட் இன் பீஸ் களத்தில் இருந்தால் கிரேவ்யார்டுக்குப் போக வேண்டிய கார்டு அங்கே போகாமல் எக்ஸைல் ஆகிறது, அதாவது ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கப்படுகிறது. ‘டைஸ்’ என்றால் களத்திலிருந்து கிரேவ்யார்டுக்குப் போவது. போகவே இல்லையென்றால் சாகவும் இல்லை. செத்தால் நடக்கும் என்று எழுதியிருப்பது எதுவும் நடக்காது.

இரண்டு கார்டு முட்டிக்கொண்டால்: முடியும் என்று ஒன்றும் முடியாது என்று மற்றொன்றும் சொன்னால், ‘முடியாது’ ஜெயிக்கும். பொது விதியும் கார்டும் முட்டினால் கார்டு ஜெயிக்கும், ஆனால் அது சொல்லும் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்.

போகிமானில் ஒரு கண்ணி

10 டேமேஜும் ஒரு டேமேஜ் கவுண்டரும் அளவில் ஒன்றுதான், விதியில் ஒன்றல்ல. டேமேஜ் செய் என்றால் ஆக்டிவ் (முன்னால் நின்று சண்டையிடும்) போகிமானுக்கு வீக்னஸ் (பலவீனத்துக்கான கூடுதல் அடி) கணக்குண்டு. கவுண்டர் வை என்றால் கிடையாது. டிராகாபல்ட் இஎக்ஸின் ஃபான்டம் டைவ் எதிரே நிற்பதற்கு 200 டேமேஜ் கொடுக்கிறது, பெஞ்சில் (பின்னால் காத்திருக்கும் போகிமான்கள்மேல்) விருப்பப்படி 6 கவுண்டர் வைக்கச் சொல்கிறது. பெஞ்சுக்கு வரும் டேமேஜைத் தடுக்கும் மனாஃபி உட்கார்ந்திருந்தாலும் அந்த 6 கவுண்டர் விழும்; தடுப்பது டேமேஜை மட்டும்தான். மேசையில் எல்லோரும் “60 அடி” என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்தான் கண்ணி.

பழைய அச்சும் போலியும்

கையில் இருக்கும் அச்சு கடைசி வார்த்தை அல்ல. மேஜிக்கில் கேதரர் என்ற அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள ஆரக்கிள் வாசகமே (திருத்திய இன்றைய வாசகமே) செல்லும். முதல் பதிப்பு லைட்னிங் போல்ட்டின் சொற்கள் வேறு, இன்றைய சொற்கள் வேறு. ‘எனி டார்கெட்’ என்ற சொற்கட்டு 2018-ல்தான் வந்தது. யு-கி-ஓவுக்கு கோனாமியின் அதிகாரபூர்வக் கார்டுத் தளம் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்பே உங்கள் டெக்கில் சிக்கலான நாலைந்து கார்டுகளின் இன்றைய வாசகத்தைக் கைப்பேசியில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடித்தளத்து அறையில் சிக்னல் கிடைக்காதபோதுதான் சண்டை வரும்.

பஜாரில் சரமாகத் தொங்கும் மலிவுப் போலிப் போகிமான் பாக்கெட்டுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பின்புற நீலம் வெளிறியிருக்கும், எழுத்து தடித்திருக்கும், அட்டாக் வாசகத்தில் பாதிச் சொல் காணாது. அதில் இருப்பது தெளிவில்லாத வாசகமல்ல, வெறும் அச்சுப்பிழை. அதற்குப் பொருள் தேட வேண்டாம். பெயரை வைத்து அசல் கார்டைத் தேடி அந்த வாசகப்படி ஆடுங்கள். அப்படி ஒரு கார்டே இல்லையென்றால் டெக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ட்ரம்ப் கார்டில் ‘ரேங்க்’குக்குச் சின்ன எண் பெரிதா, பெரிய எண் பெரிதா என்று பிள்ளைகள் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வார்கள் அல்லவா, அந்தப் புத்தி இங்கேயும் வேண்டும்.

தீராத வழக்கு

போட்டி என்றால் கையை உயர்த்தி ஜட்ஜைக் கூப்பிடுங்கள், அதுவரை ஒரு கார்டையும் நகர்த்தாதீர்கள். கார்டு நகர்ந்தபின் யார் சொன்னதும் நிரூபணமாகாது. கேட்கும்போது “இது நியாயமா?” என்று கேட்காமல், எந்தக் கட்டத்தில் இருக்கிறோம், எதற்குப் பின் எது நடந்தது, எந்தச் சொல்லில் சந்தேகம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். தலைமை ஜட்ஜ் சொன்னால் அதோடு முடிந்தது.

வீட்டு ஆட்டத்தில் ஐந்து நிமிடம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் காசு சுண்டிப் பார்த்து, அன்றைய நாள் முழுக்க இரண்டு பேருக்கும் அதே தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டின் பெயர், சந்தேகச் சொல், எடுத்த முடிவு மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து, ராத்திரி விடையைத் தேடிப் பக்கத்தில் எழுதுங்கள். முடிந்த ஆட்டத்தின் கணக்கை மட்டும் திருத்தக் கூடாது.