கருவிழிப் புண்: கைவைத்தியத்தில் கண்ணை இழக்காதீர்கள்

அறுப்பு நேரத்தில் உமியோ, தாளோ கண்ணில் பட்டுவிடும். அன்றைக்கு உறுத்தல், மறுநாள் சிவப்பு, அப்புறம் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீராகக் கொட்டும். இதை மெட்ராஸ் ஐ என்று நினைத்து ஒரு வாரம் ஓட்டிவிடுகிறோம். மெட்ராஸ் ஐயில் பீளை கட்டும், உறுத்தும், ஆனால் பார்வை பொதுவாகத் தெளிவாகவே இருக்கும். நல்ல வலியும் மங்கலும் சேர்ந்து, கறுப்பு முழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் அது கருவிழிப் புண்ணாக இருக்கலாம், அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, நாக்கால் தூசி எடுப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். சிராய்ப்பு விழுந்த கண்ணில் நாமே கிருமியைக் கொண்டுபோய் விடுகிறோம்.

இதைவிட மோசம், மெடிக்கலில் "சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து கொடுங்க" என்று கேட்டு வாங்குவது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டே நாளில் சிவப்பு குறையும், எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் குறைந்தது உடம்பின் எதிர்ப்புதான், உள்ளே பூஞ்சை தாராளமாகப் பரவிக்கொண்டிருக்கும். நம் ஊரில் பூஞ்சை அபூர்வமும் இல்லை. 1997இல் வெளியான மதுரை ஆய்வில் கருவிழிப் புண்ணுக்குப் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதிக் காரணமாக இருந்தன.

அதனால்தான் டாக்டர் புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பார்க்கிறார். "கண்ணைச் சுரண்டுவாங்களாம்" என்று பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள், மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் எடுப்பார்கள். ஸ்லைடில் பூஞ்சை இழை இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்குத்தான் சில நாள் ஆகும். டாக்டரிடம் போகும்போது, முன்பு போட்ட மருந்து பாட்டில்களையெல்லாம் மறைக்காமல் எடுத்துப் போங்கள்.

பூஞ்சைக்கு நாட்டமைசின் 5% சொட்டு மருந்துதான் இன்றும் முதல் தேர்வு. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான சோதனையில், புதிய மருந்தான வோரிகோனசோலைவிட இதுவே நன்றாக வேலை செய்தது. ஆனால் இது அடியில் படியும் மருந்து, குலுக்காமல் விட்டால் மேலே இருக்கும் தண்ணீர்தான் கண்ணில் விழும். ஆரம்பத்தில் மணிக்கு ஒருமுறை விடச் சொல்வார்கள். இன்னொரு சொட்டும் எழுதியிருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது விடுங்கள். வலி குறைந்ததும் நிறுத்திவிடுவது இன்னொரு பெரிய தவறு, பூஞ்சைப் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். பாதியில் விட்டால் கருவிழி ஓட்டையாகி, அவசரமாக மாற்று அறுவை சிகிச்சைக்குப் போக நேரலாம். அக்கி வைரஸால் வரும் புண்ணுக்கு மருந்தே வேறு, எனவே பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள்.

கண்ணைக் கட்டி மூடாதீர்கள், வெளிச்சம் கூசினால் கறுப்புக் கண்ணாடி போதும். சர்க்கரை இருந்தால் அதையும் கட்டுக்குள் வையுங்கள்.

காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களின் கதை தனி. லென்ஸோடு தூங்குவது, குழாய்த் தண்ணீரில் கழுவுவது இரண்டும் ஆகாது, அந்தத் தண்ணீரில் அகந்தமீபா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம், அது கண்ணில் தொற்றினால் சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். கண் சிவந்ததும் லென்ஸைக் கழற்றிவிடுங்கள், ஆனால் அதையும் டப்பாவையும் குப்பையில் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள், கிருமி அதிலேயே சிக்கலாம்.